தலை போன பிறகு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'சோதனை'. கம்பைலரின் ஒவ்வொரு புது வெர்ஷனையும் வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. "சோதனை வந்தாச்சா?", "சோதனை இன்னைக்கு லீவு, நிம்மதியா இருக்கலாம்" என்று பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். நான் அதே குழுவில் கையேடு எழுதுகிறவள், அவளுக்குப் பக்கத்து மேஜை. இங்கே சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவளே மதியச் சாப்பாட்டு வேளையில் பிட்டுப் பிட்டுச் சொன்னது.

கம்பைலர் என்றால் என்ன என்று என் அம்மா கேட்டபோது நான் சொன்ன பதில் இதுதான். மனிதர்கள் தங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருகிற இன்னொரு புரோகிராம். எங்களுடையது லிஃப்டு, தண்ணீர் மோட்டார், தானாகத் திறக்கிற கதவு இவற்றுக்குள்ளே இருக்கும் சின்னச் சின்ன சிப்புகளுக்கானது. அம்மா கேட்டுவிட்டு, "அப்போ நீங்க மாத்திக் குடுக்கறது தப்பாப் போச்சுன்னா, எழுதினவனுக்கே தெரியாதா?" என்றாள். தெரியாதுதான். அதுதான் இந்தத் தொழிலில் பயப்பட வேண்டிய விஷயம்.

குழுவின் தலைவரை எல்லாரும் 'தலை' என்போம். சோதனைக்கு அவர் கணவனின் கூடப் பிறந்த தம்பி. அவளும் கணினி படித்தவள்தான். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி வேலை தேடினால், நடுவில் விட்டுப்போன வருடங்களைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். கொழுந்தன்தான், "அண்ணி, எங்க ஆபீஸுக்கு வாங்க, நான் பேசறேன்" என்று கூட்டிக்கொண்டு வந்தார். ஆபீஸில் வேறு மாதிரி கூப்பிட வேண்டும் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். ஆனால் பிழை ஏதாவது பிடிபட்டுவிட்டால் அவருக்கு வாய் தவறிவிடும். "அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க!" என்று கத்துவார். ஒரு மீட்டிங்கில் மேலாளரே, "அண்ணி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலை கெட்டிக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வருடக்கணக்காக ஒரே ஒரு விஷயத்தில் உயிரைக் கொடுத்து உழைத்தார். அதை 'வேகப் பகுதி' என்போம். புரோகிராமில் வீணாகச் செய்யப்படுகிற வேலைகளைக் கண்டுபிடித்து நீக்கி, அதே சிப்பைப் பல மடங்கு வேகமாக ஓடவைக்கிற பகுதி. அதை நம்பித்தான் ஒரு பெரிய வாகன நிறுவனம் எங்களோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. சில சின்ன வாடிக்கையாளர்களுக்கு அதை வெள்ளோட்டமாகக் கொடுத்தும் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலை அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவார். தனியாக இருப்பவர். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து சாப்பிட்டார், அப்பாவோடு சதுரங்கம் ஆடினார், அண்ணன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கூடம் முழுக்க ஓடினார். மறுநாள் காலை மீட்டிங்கில், எங்கள் எல்லாருக்கும் முன்னால், கையிலிருந்த பேனாவைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் இந்த மாசத்தோட கிளம்பறேன். வேற இடத்துல சேர்றேன்."

நான் சோதனையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது. எங்களுக்குத் தெரிந்த அதே நொடியில்தான் அவளுக்கும் தெரிந்தது. "நேத்து ரெண்டாவது தடவை சாதம் போட்டுக்கிட்டாரு. அப்பக்கூட வாயைத் திறக்கலை" என்று பிறகு என்னிடம் சொன்னாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகம் இருந்தது.

கடைசி நாட்களில் அவர் வேகப் பகுதியை அதில் அவருக்கு உதவியாக இருந்த, 'அவசரம்' என்று பெயரெடுத்த இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றார். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவன், அதனால் அந்தப் பெயர். ஆனால் எழுதிவைக்கப்பட்டது என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் அவர் தலைக்குள்ளே இருந்தது, அவரோடு போயிற்று. அண்ணியிடம் கேட்டது ஒன்றுதான்: "டெஸ்ட்டெல்லாம் நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

அவர் போன பிறகு மேலாளர் சோதனையை அறைக்குள் கூப்பிட்டார். வயதிலும் அனுபவத்திலும் மீதி இருந்தவர்களில் மூத்தவள் அவள்தான். "கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்கங்க. புது ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்று குழுவை அவள் தலையில் கட்டினார். வெள்ளைப் பலகையில் தன் கையாலேயே எழுதிக் காட்டினார். முதலில் வேகம். அடுத்தது புது சிப். அதற்குக் கீழே, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி, சின்ன எழுத்தில் 'மத்ததெல்லாம்'.

"மத்ததெல்லாம்னா என்ன சார்?" என்று கேட்டாள்.

"புகார், பழைய பிழை, அது இதுன்னு வரும்ல. அதெல்லாம் என்ன தலை போற அவசரமா? வண்டிக் கம்பெனிக்கு ஓட்டிக் காட்டற டெமோ முடியட்டும்."

தலை போன குழுவில் இருந்துகொண்டு அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். அடக்கிக்கொண்டாளாம்.

அந்த 'மத்ததெல்லா'த்துக்குள் ஒரு பெண் இருந்தாள். தானியங்கிக் கதவு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையின் பொறியாளர். வாரம் தவறாமல் போன் செய்வாள். பையன்கள் அவளுக்கு 'கதவுக்காரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். மணி அடித்தால், "கதவு தட்டுது, யாரு திறக்கறது?" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் புகார் எப்போதும் ஒன்றுதான்: சில சமயம் கதவு, குறுக்கே ஆள் இருந்தும் நிற்காமல் மூடுகிறது. தலை அவளுக்கு என்றைக்கோ பதில் எழுதி முடித்துவிட்டார். உங்கள் புரோகிராமில்தான் தப்பு, நீங்கள் குறி போடவில்லை என்று.

இந்தக் குறி என்ன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், மிச்சம் எல்லாம் அதைச் சுற்றித்தான். கதவு மூடும்போது, குறுக்கே யாராவது இருக்கிறார்களா என்று சென்சாரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகப் பகுதிக்கோ, ஒரே இடத்தை யாராவது திரும்பத் திரும்பப் படித்தால் பொறுக்காது. ஒரு முறை படித்ததைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடும். வேகம் வருவதே அப்படித்தான். அதனால் புரோகிராம் எழுதுகிறவர்கள் சென்சார் மாதிரி இடங்களுக்கு ஒரு குறி போட்டுவைப்பார்கள். இது தானாக மாறுகிற இடம், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார், கை வைக்காதே என்று அர்த்தம்.

சோதனை பொறுப்பேற்ற சில நாட்களில் அந்தப் போன் வந்தது. பையன்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அவள் எடுத்தாள்.

"மேடம், நீங்க புதுசா? பழைய சார் எங்க?"

"அவர் போயிட்டாருங்க. இனிமே நான்தான்."

"அப்போ நான் முதல்லேருந்து சொல்லணும்." ஒரு பெருமூச்சு கேட்டது. "குறி போடலைன்னு எழுதியிருந்தாரு. போட்டிருக்கோம் மேடம். முதல் நாள்லேருந்து போட்டிருக்கோம். நான் எத்தனை தடவை சொல்றது? ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டு, நாங்க பொய் சொல்றோம்னா சொல்லிடுங்க, நான் அப்புறம் கூப்பிடவே மாட்டேன்."

சோதனை போனை வைத்தாள். பிறகு மேலாளரிடம் போய்க் கதவுத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறேன் என்றாள். "ஒரு கதவைப் பாக்கறதுக்கு லீடு போகணுமா?" என்றார் அவர். "லீடு போகக் கூடாதுன்னா டெஸ்ட்டர் போறேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கையேட்டில் அந்தக் குறியைப் பற்றி எழுதியிருந்தவள் நான்தான்.

கதவுத் தொழிற்சாலை ஒரு நீளமான கொட்டகை. நடுவில் சுவரே இல்லாமல் கதவுகள் மட்டும் வரிசையாக நின்றன. ஆள் போனால் திறந்தன, போனபின் மூடின, எந்தப் பக்கமும் அறை இல்லை. கதவுக்காரம்மா ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு பழைய தலையணையை எடுத்துக்கொண்டு நேரே ஒரு கதவிடம் போனாள்.

"பாருங்க. முதல் தடவை."

கதவு மூடத் தொடங்கியது. பாதியில் தலையணையைக் குறுக்கே நீட்டினாள். கதவு தொடுவதற்கு முன்பே நின்று, பின்வாங்கித் திறந்தது.

"நல்லா இருக்குல்ல? எல்லாரும் இதோட பாத்துட்டுப் போயிடறாங்க. இப்போ அதுவே மறுபடி மூடும். ரெண்டாவது தடவை."

கதவு மறுபடி மூட வந்தது. பாதியில் தலையணையை நீட்டினாள். கதவு நிற்கவில்லை. தலையணையை நசுக்கிக்கொண்டு, மோட்டார் உறும, மேலும் மேலும் அழுத்தியது. அவள் ஒரு பொத்தானைத் தட்டி அணைத்தாள். கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

சோதனை தலையணையை வாங்கி அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தாள். "இது இங்க மட்டும்தானே இருக்கு? வெளிய எங்கயும் மாட்டலையே?"

கதவுக்காரம்மா தலையணையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருக்கு. உங்க புது கம்பைலர் வந்தப்போ நல்லா வேகமா இருக்குன்னு அதுலதான் செஞ்சு அனுப்பினோம். அங்க ஒரு பெரியவர். மெதுவா நடக்கறவர். முதல் தடவை கதவு நின்னு வழி விட்டிருக்கு. அவர் இன்னும் தாண்டி முடிக்கலை. ரெண்டாவது தடவை..." கையை மணிக்கட்டில் பிடித்துக் காட்டினாள். "எலும்பு முறிஞ்சிடுச்சு. தள்ளாடி விழுந்தார்னு முடிச்சிட்டாங்க. நான் அன்னைக்கே போய்க் கதவைக் கழட்டிட்டு வந்துட்டேன். ஆனா ஏன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை. உங்க ஆபீஸ்ல எங்க மேலதான் தப்புங்கறாங்க. ஒருவேளை என் மேலதானோன்னு எனக்கே ஆயிடுச்சு மேடம்."

திரும்பி வந்ததும் சோதனை நேரே தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக காலம் ஆகவில்லை. எங்கே தேட வேண்டும் என்று கதவுக்காரம்மா காட்டிவிட்டாளே. கதவின் புரோகிராமில் சென்சாரைப் படிப்பதற்கு ஒரு குட்டிப் பகுதி தனியாக இருந்தது, குறியோடு. முதல் தடவை மூடும்போது அது சரியாக வேலை செய்தது. இரண்டாவது தடவை மூடுவதற்கான பகுதியில் வேகப் பகுதி ஒரு தந்திரம் செய்திருந்தது. குட்டிப் பகுதியைத் தனியே கூப்பிடுவது நேர விரயம் என்று, அதைப் பெரிய பகுதிக்குள் மடித்துச் சேர்த்துவிட்டது. மடிக்கும்போது குறி உதிர்ந்துவிட்டது. குறி இல்லாததால் சென்சாரை ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, யாரும் இல்லை என்று முடிவு கட்டி, கதவை மூடிக்கொண்டே போயிற்று. எங்கள் சோதனைகளில் ஒன்றுகூட இந்தச் சேர்க்கையைத் தொடவில்லை. அவள் எழுதிய சோதனைகள்தான் அவை. என்னிடம் அதைச் சொன்னபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவசரத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் முதல்முறையாக எதற்கும் உடனே பதில் சொல்லாமல் திரையையே பார்த்தான்.

"தலை எழுதின இடம் அக்கா இது. இதுக்கு மேலதான் எல்லாத்தையும் அடுக்கியிருக்காரு. இதைத் தொட்டா மொத்தமும் ஆடும்."

"ஆடட்டும்."

"டெமோ?"

அவள் எழுந்து மேலாளரைப் பார்க்கப் போனாள்.

மேலாளரின் அறைக் கதவு மூடியிருந்தாலும் அன்றைக்கு எங்களுக்கு எல்லாமே கேட்டது. வேகப் பகுதியை உடனே அணைக்க வேண்டும், அதை வாங்கிய எல்லாருக்கும் இன்றைக்கே தெரிவிக்க வேண்டும், பிறகுதான் மற்றது எதுவும் என்றாள் சோதனை. அவர் முதலில் நயமாகப் பேசினார்.

"பாருங்கம்மா, திருத்த வேண்டாம்னு நான் சொல்லலை. அமைதியா திருத்துங்க. அடுத்த வெர்ஷன்ல போயிடும். நம்ம வாயாலயே நம்ம பொருள் சரியில்லைன்னு ஊருக்குச் சொல்லணுமா?"

"அடுத்த வெர்ஷன் வர்ற வரைக்கும் அவங்க இதுலதானே சார் செஞ்சு அனுப்புவாங்க? யார் யார் எதுல மாட்டியிருக்காங்கன்னு நமக்கே தெரியாது."

"ஒரு பெரியவர் விழுந்ததுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு எவனால நிரூபிக்க முடியும்?"

"நான் தலையணையைப் பாத்தேன் சார்."

"என்னது?"

"ஒண்ணுமில்லை சார்."

"டெமோ போச்சுன்னா இந்தக் குழுவே இருக்காது. அதையும் யோசிச்சுக்கங்க. உங்க குழுப் பசங்க வேலை, உங்க கையில."

அவள் வெளியே வந்தாள். பையன்கள் எல்லாரும் திரையைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார்கள்.

வீட்டில் அன்று மாலை கணவனிடம் சொன்னாள். கண்ணாடிக்கடை வைத்திருப்பவர், சாந்தமான மனிதர். கடையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டார். கேட்டு முடித்து, "நீ சொல்றது நியாயம்தான். ஆனா அவன் பேரு என்னாகும்?" என்றார்.

"பேரு எங்கயும் போட மாட்டோம்."

"போட வேண்டியதே இல்லையே. அந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு யார் எழுதினதுன்னு தெரியாதா? இப்பத்தான் புது இடத்துல சேந்திருக்கான்." கொஞ்சம் தயங்கினார். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்."

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா," என்றார் நிதானமாக, "உனக்கு வேலை வாங்கிக் குடுத்தவன் அவன். அதை மறந்துடாதே." அதோடு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் அவள் கொழுந்தனின் புது அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அவரைச் சந்தித்தாள். சற்று மெலிந்திருந்தாராம். உட்கார்ந்ததுமே, "பழைய ஆபீஸ் விஷயம் பேசக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க அண்ணி" என்றார்.

"நீங்க பேச வேண்டாம் தம்பி. நான் பேசறேன், கேளுங்க." தலையணையிலிருந்து தொடங்கி, குறி உதிர்ந்தது வரைக்கும் சொன்னாள். இரண்டாவது தடவை என்று அவள் சொன்ன இடத்திலேயே அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம்.

"தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அந்தம்மா முதல்ல எழுதினப்போ, கதவோட சர்க்யூட் போர்டை மேஜையில வச்சு ஓட்டிப் பாத்தேன். ஒரே ஒரு தடவை நிக்காம போச்சு. அப்புறம் எவ்வளவு முயற்சி பண்ணியும் வரலை. ஒவ்வொரு தடவையும் அணைச்சு அணைச்சுப் போட்டேன், அதனால எப்பவுமே முதல் தடவையாவே இருந்திருக்கு. இப்பத்தான் புரியுது. அப்போ போர்டு சூடாயிருக்கும்னு நினைச்சேன்." நிறுத்தினார். "நினைச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் இருந்தது அதுக்குத்தானே?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க விட மாட்டீங்க. தோண்டுவீங்க. எனக்கு அப்போ அது ஓடினாப் போதும்னு இருந்தது அண்ணி. அதோட படுத்து அதோட எழுந்திரிச்சு, அலுத்துப்போச்சு. இங்கே வந்தப்புறம்தான் தூக்கமே வருது."

அவளுக்குத் திட்டவும் வரவில்லை, ஆறுதல் சொல்லவும் வரவில்லை. வேகப் பகுதியை அணைக்கப்போவதையும், எல்லாருக்கும் எழுதப்போவதையும் சொன்னாள். அவர் முகம் இறுகியது.

"திருத்துங்க, வேண்டாங்கலை. ஆனா ஊரெல்லாம் எழுதணுமா? எழுதினா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவேன்?"

"வரணும் தம்பி. ஏன் வரக்கூடாது?"

"உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து அவள் என் மேஜையில் உட்கார்ந்தாள். "எனக்கு சுத்தி வளைச்சுத்தான் எழுத வரும். நீ எழுதிக் குடு. படிச்ச உடனே புரியணும்" என்றாள். நான் எழுதினேன். புது வெர்ஷனைப் பயன்படுத்தாதீர்கள், அதில் செய்து அனுப்பியவற்றைத் திரும்பப் பெறுங்கள், காரணம் இது, தப்பு எங்களுடையது என்று. கதவுக்காரம்மாவின் புரோகிராமில் எந்தத் தப்பும் இல்லை என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். மேலாளரிடம் காட்டாமலே அவளே அனுப்பினாள். அனுப்பிய பிறகு அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

அதன் பிறகு நடந்தது எதுவும் நன்றாக நடக்கவில்லை. வாகன நிறுவனம் டெமோவைத் தள்ளிவைத்தது, பிறகு பேச்சையே நிறுத்தியது. மேலாளர் அவளோடு மூன்றாம் மனிதர் வழியாகத்தான் பேசினார். குழுவுக்கு அவள் வேறு ஒரு வரிசை போட்டாள். முதலில், இதே மாதிரி குறி உதிர்கிற இடம் வேறெங்காவது உண்டா என்று பார்ப்பது. அடுத்து, யாரும் கவனிக்காமல் கிடந்த புகார்கள். வேகம், அதெல்லாம் முடிந்த பிறகு. பையன்கள் செய்தார்கள், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேகமாக ஓடிக்கொண்டிருந்ததை மெதுவாக்குகிற வேலையை யார் ஆசையாகச் செய்வார்கள்? மடிக்கும்போது குறி உதிர்கிற இடங்கள் இன்னும் சில கிடைத்தன. ஒவ்வொன்றும் கிடைக்கும்போது அவள் சந்தோஷப்படுகிறாளா பயப்படுகிறாளா என்று எனக்குத் தெரியாது.

அவசரம் வேலையை விட்டான். போகிற அன்று அவள் மேஜைக்கு வந்து, "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்க்கா. ஆனா என் ரெண்டு வருஷமும் அதுக்குள்ளதான் இருந்தது" என்றான். தலை சேர்ந்த அதே இடத்துக்குப் போனான் என்று பிறகு தெரிந்தது.

கதவுக்காரம்மா ஒரு தடவை போன் செய்தாள். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. பழைய வெர்ஷனில் செய்த கதவை முதியோர் இல்லத்தில் மாட்டியாகிவிட்டது என்றாள். எலும்பு கூடிவிட்டதாம், ஆனால் பெரியவருக்கு அந்தக் கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லையாம். "உங்க கடிதத்தை அவர் மகன்கிட்ட குடுத்தேன் மேடம். தள்ளாடி விழலைன்னு பெரியவருக்கு ஒரு திருப்தி. அப்பவே சொன்னேன்ல, எவனும் கேக்கலைன்னு ஒரே சத்தம்." சோதனை போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

கொஞ்ச காலத்தில் வெளியிலிருந்து ஒரு புதுத் தலைவர் வந்தார். அவளைப் பழையபடி சோதிக்கிற வேலைக்கே அனுப்பினார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். "பதவி போனதுல இல்லை. 'நீங்க இனிமே டெஸ்ட் மட்டும் பாத்தாப் போதும்'னு சொன்னாங்க பாரு, அந்த 'மட்டும்'லதான்" என்றாள். புதியவர் மோசமானவர் இல்லை. அவள் போட்ட வரிசையை அவர் மாற்றவில்லை. ஆனால் அது அவள் போட்டது என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

வீட்டில் நடந்ததுதான் அவளை அதிகம் அரித்தது. கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக மாமனார் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, மருமகளிடம் ஒன்றும் சொல்லாமல், மகனிடம் மட்டும் "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். கணவர் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். மகள், "சித்தப்பா ஏம்மா வரதில்லை? நீ திட்டினியா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் அம்மா. "அப்போ யாரு திட்டினா?"

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு மாமனாருக்கு இதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை அறைக்கு வெளியே, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவளும் கொழுந்தனும் நடுவில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கொழுந்தன் கேட்டார்:

"மடிக்கறதையே எடுத்துட்டீங்களா?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், "இல்லை தம்பி. மடிக்கறதுக்கு முன்னாடியே குறியைப் பெரிய பகுதிக்கு ஏத்திடறோம். அப்புறம்தான் மடிப்பு" என்றாள்.

"மெதுவாகுமே."

"ஆகுது. பாதி வேகம்தான்."

அவர் விரலால் தன் முழங்காலில் ஏதோ வரைந்து பார்த்தார். "எல்லாத்தையும் ஏத்த வேண்டாம். குறி இருக்கற வரியை மட்டும் பிரிச்சுட்டா, மத்தது வேகமாவே ஓடும்."

"அப்படியா?" என்றாள். அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை. "எப்படிப் பிரிக்கறது?"

அவர் அவள் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டதெல்லாம் அப்போது நினைவில்லை போலிருக்கிறது. பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் வந்து, அறுவை நல்லபடியாக முடிந்தது, ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். அவர் சட்டென்று எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தபோது அண்ணன் வந்திருந்தார். மற்ற பேச்சுகள் தொடங்கிவிட்டன.

மாமனார் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது மருமகளிடம் தேவைக்குப் பேசுகிறார், காபி கேட்கிறார், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார். கொழுந்தன் அப்பாவைப் பார்க்க அவ்வப்போது வருகிறார். உட்காராமல் நின்றபடியே பேசிவிட்டு, சாப்பிடாமல் போகிறார். அவர் சொன்ன பாதியை வைத்துக்கொண்டு மீதியைச் சோதனையே யோசித்து முடித்தாள். புதுத் தலைவரிடம் அது தன் யோசனை இல்லை, வேறொருவருடையது என்று சொன்னாள். யாருடையது என்று அவர் கேட்டார். அவள் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் புது இடத்தில் தம்பிக்குச் சிக்கல் வரும்.

"அவர்கிட்டயாவது சொன்னியா, வேலை செய்யுதுன்னு?" என்று கேட்டேன்.

"போன வாரம் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தாரு. அப்பச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'சரி அண்ணி'ன்னாரு. அவ்வளவுதான்." சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அண்ணின்னு சொன்னாரே, அது போதும் இப்போதைக்கு" என்றாள். ஆனால் போதும் என்று சொல்கிறவளின் முகம் மாதிரி அது இல்லை.